இரண்டு பேருக்குச் சோறு: சேலத்துக்கு ஒரு குக்கர், ஏற்காட்டுக்கு வேறொன்று

வீட்டில் இரண்டு பேர். மிஞ்சினால் மூன்று பேர். வேளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை டம்ளர் அரிசி. இதற்கு ஒரு குக்கர் வாங்கலாம் என்று சேலத்தில் கடையேறினால், முதலில் நம் முன்னால் வந்து உட்காருவது பெரிய கரண்ட் குக்கர்தான். சிறியதாகக் கேட்டால், “விருந்தாளி நான்கு பேர் வந்தால் பத்தாதுங்களே” என்பார் கடைக்காரர். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிக்காக மீதி நாளெல்லாம் அரைவேக்காட்டுச் சோறு தின்ன முடியாது. அவருக்கு வேண்டுமானால் அன்று ஒரு நாள் பெரிய பாத்திரத்தில் வடித்துக்கொள்ளலாம்.

பெரிய குக்கரில் கொஞ்சம் அரிசி போட்டால் ஏன் சரிப்படுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பொருள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண கரண்ட் குக்கருக்கு மணி பார்க்கத் தெரியாது. சோறு வெந்ததா என்றும் தெரியாது. அடியில் தண்ணீர் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பது மட்டும்தான் தெரியும். உள்பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டு அடித்தட்டைப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு பகுதி தனியாக நிற்கும். விரலால் அழுத்தினால் அமுங்கி எழும். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் காந்தமும் இருக்கின்றன. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு அதற்கு மேல் ஏறும். 103 டிகிரி வாக்கில் காந்தம் பிடியை விடுகிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது, ‘டக்’ என்று சுவிட்ச் ‘வார்ம்’ பக்கம் விழுகிறது. 1955-ல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கிக் குக்கரின் அமைப்பு வேறு: வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகித் தீர்ந்ததும் அடுப்பு தானாக அணையும். ஆனாலும் யுக்தி இதேதான். தண்ணீர் தீர்ந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் அணைத்துவிடு.

அகலமான பாத்திரத்தில் ஒரு டம்ளர் அரிசியைப் போட்டால் அது அடியில் மெல்லிய படுகையாகப் பரவிக் கிடக்கும். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். குக்கர் தன் கடமையை முடித்துக்கொண்டு அணைந்துவிடும். அரிசி பாதி வழியில் நிற்கும். குறை குக்கரிடம் இல்லை, அளவில்தான்.

அந்த அளவை அட்டைப்பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் தொல்லை. ‘1 லிட்டர்’, ‘1.8 லிட்டர்’ என்று அச்சடித்திருப்பது ஒரு நிறுவனத்தில் வேகவைக்காத அரிசியின் அளவைக் குறிக்கும். இன்னொன்றில் உள்பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும். முதல் வகையில் 1.8 லிட்டர் என்பது ஒரு கிலோ அரிசிக்கு மேல் கொள்ளும் அண்டா. இரண்டாம் வகையில் அதே 1.8 இரண்டு பேர் வீட்டுக்குச் சரியான அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். குக்கரோடு வரும் அளவுக் கிண்ணம் பெரும்பாலும் 180 மில்லி. ஒன்றரைக் கிண்ணம் புழுங்கலரிசி 270 மில்லி. அதற்கு மூன்று பங்கு தண்ணீர் 810 மில்லி. சேர்த்தால் 1,080. ஒரு லிட்டர் பாத்திரத்தில் இது விளிம்பைத் தாண்டிவிடுகிறது. நுரைத்துப் பொங்க இடமே இல்லை. ஆகவே பெட்டியை நம்பாமல், கடையிலேயே உள்பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை கொள்ளும் பாத்திரம்தான் நமக்கு வேண்டியது. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஐந்து ரோட்டில் கடைக்கா பஞ்சம்?

கரண்ட் குக்கரா, விசில் குக்கரா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். மற்றவற்றைப் பிறகு நான்கு வரியில் பார்த்துக்கொள்ளலாம்.

கரண்ட் குக்கரின் முதல் பெருமை, அதை மறந்துவிடலாம் என்பது. காலை ஷிப்டுக்குக் கிளம்பும் வீட்டில் ஒருவர் குளிக்க, ஒருவர் குழந்தைக்குத் தலைவார, விசில் எண்ண யாரும் இல்லை. சுவிட்சை அழுத்தினால் போதும். செலவும் பயப்படும்படி இல்லை. 400 வாட் குக்கர் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஓடினால் 0.2 முதல் 0.3 யூனிட். தினம் ஒரு வேளை என்றால் இரண்டு மாதத்துக்கு 12 முதல் 18 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால், கேஸ் சிலிண்டருக்கு அது நல்ல துணை. 700 வாட் என்றால் சீக்கிரம் முடிக்கும். யூனிட்டில் பெரிய வித்தியாசம் வராது.

சேலத்துக் கோடையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் இந்தக் கணக்கு சற்று ஆட்டம் காணும். 230 வோல்ட் 190-க்கு இறங்கினால் 400 வாட் குக்கரின் வலு ஏறக்குறைய 270 வாட்டாகிவிடும். அரை மணியில் வேகும் சோறு முக்கால் மணி கேட்கும். சோறு கெடாது, பஸ்தான் தவறும். கரண்ட் போய்விட்டு வந்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். காந்தச் சுவிட்ச் உள்ள சாதாரணக் குக்கர் இதில் கெட்டிக்காரன்: அழுத்திய சுவிட்ச் அழுத்தியபடியே இருக்கும்; கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பொத்தானும் திரையும் வைத்த விலை உயர்ந்த வகைகளில் சில, கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நம்மைப் புதிதாகப் பார்க்கும்.

விசில் குக்கரின் பலம் வேகம். உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது. ஊறவைத்த பொன்னி புழுங்கல் ஐந்தாறு விசிலில் மலர்ந்துவிடும். அதைவிடப் பெரிய பலம் பருப்பு. நம் வீட்டில் சோறு தனியாக இலைக்கு வருவதில்லை, சாம்பாரோடு வருகிறது. கரண்ட் குக்கரில் துவரம்பருப்பு போட்டுப் பார்த்தவர்களுக்கு அது நுரைத்து மேடையெல்லாம் வழிவதும், ஒரு மணி நேரம் கழித்தும் கடைய வராமல் நிற்பதும் தெரியும். ஆக, கரண்ட் குக்கர் வாங்கினாலும் பருப்புக்கு ஒரு விசில் குக்கர் வேண்டியிருக்கிறது. விசில் குக்கர் வாங்கினால் கரண்ட் குக்கர் கட்டாயமில்லை. இடமும் பணமும் ஒன்றுக்குத்தான் என்றால் முடிவு இங்கேயே தெரிந்துவிடுகிறது.

அளவில் இங்கேயும் கவனம் வேண்டும். அரிசி, பருப்பு போன்று நுரைக்கும் பொருள்களைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மேலே போட்ட கணக்குப்படி ஒன்றரைக் கிண்ணப் புழுங்கலரிசிக்கு 2 லிட்டர் குக்கரில் பாதிக்கோடு தாண்டிவிடும். ஒரு கிண்ணம் மட்டும் சமைப்பவருக்குத்தான் அது. இரண்டு பேர் வீட்டுக்கு 3 லிட்டர். ஹாக்கின்ஸ் வகையில் மூடி உள்ளே நுழைந்து பூட்டும். பிரஸ்டீஜின் வழக்கமான வகையில் மூடி வெளியே பூட்டும். அடுக்குப் பாத்திரம் வைத்துச் சோறும் பருப்பும் ஒரே நேரத்தில் வேகவைக்க நினைப்பவர்கள் வெளிமூடியை எடுத்துக்கொள்வது வசதி. வாய் முழுதாகத் திறந்திருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பிரஷர் குக்கருக்குக் கட்டாயம். முத்திரையில்லாததை யாராவது சலுகை விலைக்கு நீட்டினால் தொட வேண்டாம்.

எவர்சில்வரா அலுமினியமா என்ற பேச்சும் வரும். உருக்காலை இருக்கும் ஊரில் எவர்சில்வர் மேல் பாசம் இருப்பது இயல்பு. புளி, தக்காளி பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தேறும். அடியில் அலுமினியத் தகடு பதித்த எவர்சில்வர் என்றால் சரி. வெறும் மெல்லிய எவர்சில்வர் கிண்ணத்தோடு வரும் கரண்ட் குக்கரில் அடிப்பிடிக்கும். போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் எந்த உலோகமானாலும் வெள்ளைப் படிவு படியும். அதுவும் ஒற்றைப் பருக்கையும் அடித்தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சிக்கினால் பாத்திரம் சரியாக உட்காராது. ‘டக்’ சத்தம் வர வேண்டிய நேரத்தில் வராது. பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை ஈரம் போகத் துடைத்து வைப்பது அதனால்தான்.

இருபது வளைவுகளுக்கு மேலே

இதுவரை சொன்னது சேலத்துக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போனால் உயரம் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நான்கு டிகிரிதானே என்று தோன்றும். அரிசிக்கு அது நான்கு டிகிரி அல்ல, பல நிமிடங்கள்.

ஒண்டிக்கடைப் பக்கம் குடியிருக்கும் என் அக்கா வீட்டுக் கரண்ட் குக்கரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சேலத்தில் போடும் அதே அரிசி, அதே தண்ணீர். மூடியைத் திறந்தால் மேலே சோறு மலர்ந்துதான் இருக்கும். ஒரு பருக்கையை எடுத்து இரு விரலுக்கிடையே நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கும். கொதிக்கும் சூடு குறைவு என்பதால் அரிசி மெதுவாக வேகிறது. அது முழுதாக வேகும் முன்பே தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. குக்கருக்குத் தெரிந்தது தண்ணீர் தீர்ந்ததா என்பது மட்டும்தானே! வழி இல்லாமல் இல்லை. அரை மணி நேரம் ஊறவைத்து, கிண்ணத்துக்குக் கால் பங்கு தண்ணீர் கூட்டி, அணைந்த பிறகும் கால் மணி நேரம் திறக்காமல் ‘வார்ம்’ பக்கம் விட்டால் புள்ளி மறைந்துவிடும். அக்கா அப்படித்தான் செய்கிறாள். மாப்பிள்ளை சம்பா மாதிரி முரட்டு அரிசிக்கு இந்த வைத்தியமும் போதாது.

விசில் குக்கர் மலையில் இந்த அளவுக்குத் திண்டாடாது. அதன் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கை உள்ளே சேர்த்து வைக்கிறது. சேலத்தில் உள்ளே 120 டிகிரி என்றால் ஏற்காட்டில் 117 வாக்கில் நிற்கும். கூட ஒரு விசில் விட்டால் கணக்கு தீர்ந்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் அடுப்பு எரியும். காப்பித் தோட்டக் குடியிருப்பிலோ மலைக்கிராமத்திலோ இருப்பவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் 3 லிட்டர் விசில் குக்கர் என்றுதான் சொல்வேன். அங்கே விளையும் சாமைக்கு மட்டும் கரண்ட் குக்கரே போதும். சின்னத் தானியம், சீக்கிரம் வெந்துவிடும்.

மற்றவை

கணினி வைத்த கரண்ட் குக்கர்கள் அழகானவை. விலை பல மடங்கு. அவற்றுக்குள் எழுதி வைத்திருக்கும் நேரக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஒட்டும் தன்மையுள்ள ஜப்பானிய அரிசிக்கானது. பொன்னி புழுங்கலுக்கு அதில் பொத்தான் தேடி அலைய வேண்டியிருக்கும். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்து தரும் குக்கருக்கு 120 வோல்ட், ஜப்பானியதற்கு 100 வோல்ட். நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் சோற்றுக்கு முன் குக்கர் வெந்துவிடும். கரண்டில் ஓடும் பிரஷர் குக்கர் இரண்டு வேலையையும் செய்கிறது, ஆனால் மேடையில் பாதியை அடைத்துக்கொள்கிறது. விசிலும் அடிக்காது, அது சிலருக்கு வரம், சிலருக்குச் சந்தேகம். இண்டக்‌ஷன் அடுப்பு ஏற்கெனவே இருந்தால், அடியில் இரும்புத் தகடு உள்ள சின்ன விசில் குக்கர் ஒன்றே போதும். வெறும் அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. விடுதி அறைக்கான பொடிக் குக்கர்கள் நூடுல்ஸுக்கு நல்லவை.

வடிப்பதை மறந்துவிடவில்லை. பழைய சோற்றுக்கு வடித்த சோறுதான் சோறு. கரண்ட் குக்கர் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கூழ் மாதிரி ஆகிவிடுகிறது. கஞ்சி முழுக்க உள்ளேயே நின்றுவிட்டதே காரணம். கஞ்சியோடு பி வைட்டமின்களில் கொஞ்சமும் போய்விடும் என்பதும் உண்மைதான், அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்பவருக்கு நட்டமில்லை. இரண்டு பேருக்கு வடிக்க ஒரு சின்னக் குண்டானும் ஒரு தட்டும் போதும்.

என் தேர்வு: சேலத்தில் இருவரும் வேலைக்குப் போகும் வீடு, பருப்புக்கு ஏற்கெனவே ஒரு விசில் குக்கர் இருக்கிறது என்றால், ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கொள்ளும் சாதாரண காந்தச் சுவிட்ச் கரண்ட் குக்கர். அலுமினிய உள்பாத்திரம், மூன்று முனை பிளக், தனியாக விற்கும் மாற்று உள்பாத்திரம் கிடைக்குமா என்று ஒரு கேள்வி, இவ்வளவு போதும். ‘வார்ம்’ பக்கம் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், சோறு காய்ந்து மஞ்சளாகிவிடும். வீட்டில் ஒன்றுமே இல்லை என்றாலோ, வீடு மலைமேல் என்றாலோ, 3 லிட்டர் வெளிமூடி விசில் குக்கர். ஏற்காட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் அதே அளவில் ஒரு கேஸ்கட்டும் ஒரு சேஃப்டி வால்வும் சேலத்திலேயே கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ரப்பர் வளையத்துக்காக இருபது வளைவுகள் இறங்கி ஏறுவது வெட்டி அலைச்சல்.