ரோரி காலகர்: 'லைவ் இன் யூரோப்'பா, 'ஐரிஷ் டூர் 74'ஆ?

ரோரி அயர்லாந்துக்கார ப்ளூஸ் ராக் கிட்டார் கலைஞர். இவை அவருடைய இரண்டு மேடைப் பதிவு ஆல்பங்கள். இரண்டிலும் அதே கிட்டார்தான். 1961-இல் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் மாடல். அயர்லாந்தின் கார்க் நகரில் 1963-இல் 100 பவுண்டுக்கு வாங்கியது. வேர்வை பட்டுப் பட்டு பெயின்ட் உதிர்ந்து உள்ளே மரம் தெரியும். இரண்டிலும் பேஸ் வாசிப்பவர் ஜெரி மக்அவாய். அப்படியிருந்தும் 1972-இல் வந்ததையும் 1974-இல் வந்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு ஆள் வாசித்த மாதிரி இருக்கிறது.

காரணம் கீபோர்டு. 'லைவ் இன் யூரோப்'பில் மேடையில் மூன்றே பேர். டிரம்ஸ் வில்கர் கேம்ப்பெல். பாடுவதும் ரோரி, பாட்டின் இடைவெளியை நிரப்புவதும் ரோரி. 'மெஸ்ஸின் வித் த கிட்' தொடங்கியதிலிருந்தே மூச்சு வாங்க நேரமில்லை. கேட்க ஜோர்தான், ஆனால் ஒரு கட்டத்தில் நமக்கே கை வலிக்கும்.

அடுத்த ஆல்பத்துக்குள் லூ மார்ட்டின் கீபோர்டுக்கு வந்துவிட்டார், ராட் டி'ஆத் டிரம்ஸுக்கு. பின்னால் தாங்க ஒருவர் இருக்கிறார் என்றதும் ரோரிக்குக் காத்திருக்க வருகிறது. 'ஐரிஷ் டூர்'இல் 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாட்டைக் கேளுங்கள்: ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவில் எல்லாம் தணிந்து, கிட்டார் ஏறக்குறைய முணுமுணுக்கிறது. அப்புறம் மெல்ல மெல்ல ஏறுகிறது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அப்படி அடக்கி வாசிக்கத் தைரியம் வேண்டும். 1972-இன் ரோரி அந்த இடத்தில் இன்னும் பத்து சுரங்களைத் திணித்திருப்பார்.

1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மேடைகளில் பதிவு நடந்தது. வட அயர்லாந்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பல இசைக்குழுக்கள் பெல்ஃபாஸ்ட் பக்கமே போகவில்லை. ரோரி போனார். மரியாதைக்குரிய விஷயம்தான். அதற்காக ஆல்பத்துக்குக் கூடுதல் மார்க் போடமாட்டேன், அதில் பெரும்பகுதி அவர் வளர்ந்த கார்க் நகர மண்டபத்தில் பதிவானது.

கரண்ட் இல்லாத வாத்தியம் என்று வந்தால் கதை மாறுகிறது. 'ஐரிஷ் டூர்'இல் 'ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்' ஒன்றுதான். ஹார்மோனிகாவோடு தனியாக வாசிக்கிறார், குறை சொல்ல முடியாது. 'லைவ் இன் யூரோப்'பிலோ 'பிஸ்டல் ஸ்லாப்பர் ப்ளூஸ்' முடிந்த கையோடு மாண்டலினை எடுத்து 'கோயிங் டு மை ஹோம் டவுன்' பிடிக்கிறார். கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு தட்டு 'ஐரிஷ் டூர்' முழுக்கத் தேடினாலும் இப்படியொரு குதூகலம் கிடைக்காது.

சொதப்பல்? 'லைவ் இன் யூரோப்'பின் 'புல்ஃப்ராக் ப்ளூஸ்'இல் வரும் டிரம்ஸ் தனி ஆவர்த்தனத்தை நான் தள்ளிவிடுவேன். 'ஐரிஷ் டூர்' பக்கம், கூட்டமில்லாமல் வாசித்த 'ஆஃப்டர் ஹவர்ஸ்' ஜாமும் இழுவைதான்.

அவருடைய இன்னொரு மேடை ஆல்பமான 1980-இன் 'ஸ்டேஜ் ஸ்ட்ரக்' ஹார்டு ராக் பிரியர்களுக்கு. ப்ளூஸ் தேடி வருபவருக்கு வேண்டாம்.

புதிதாகக் கேட்பவர் கையில் 'ஐரிஷ் டூர்'ஐத்தான் கொடுப்பேன். நான் அடிக்கடி போடுவது என்னவோ அந்த மாண்டலின் பாட்டைத்தான்.