சிங்கப்பூரா, ஜார்ஜ் டவுனா: முதல் பயணத்தில் எங்கே சாப்பிடுவது?

தென்கிழக்காசியாவுக்கு முதன்முறையாக, அதுவும் சாப்பாட்டையே முதன்மையாகக் கருதிக் கிளம்புகிறவர் பெரும்பாலும் இரண்டு ஊர்களுக்கிடையே தயங்குவார்: ஒன்று சிங்கப்பூர், மற்றொன்று மலேசியாவில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். இரண்டுமே துறைமுக நகரங்கள். சீன, மலாய், தமிழ்ச் சமையல்கள் இரண்டிலும் கலந்திருப்பதால் உணவுகளின் பெயர்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றே. தட்டில் வந்து விழுவது மட்டும் வேறு.

லக்சா என்னும் நூடுல்ஸ் உணவையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் கத்தோங் லக்சா, தேங்காய்ப்பாலும் உலர்ந்த இறாலும் சேர்ந்த கெட்டியான குழம்பு. நூடுல்ஸைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போடுவதால் கரண்டி ஒன்றே போதும். பினாங்கின் அசாம் லக்சாவில் தேங்காய்ப்பாலுக்கு இடமே இல்லை. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளியோடு நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த காய்ந்த புளித்துண்டுகளையும் போட்டுக் கொதிக்கவைத்த சாறு அது. மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, பொடியாக நறுக்கிய இஞ்சிப்பூ ஆகியவற்றைத் தூவி, பாகுபோலக் கறுத்த இறால் விழுதை ஒரு கரண்டியில் வைத்துத் தருவார்கள். விழுதைக் கலக்குமுன் இரண்டு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கலப்பதே நல்லது. சாற்றின் குணமே மாறிவிடும். இந்த ஒரு கிண்ணத்துக்காகவே என் வாக்கு பினாங்குக்கு.

சார் குவே தியா என்னும் வதக்கிய நூடுல்ஸிலும் இதே கதைதான். சிங்கப்பூரில் மஞ்சள் நூடுல்ஸையும் கலந்து, இனிப்பான கறுப்புச் சோயா சாற்றில் புரட்டுவார்கள். பினாங்கில் தட்டையான அரிசி நூடுல்ஸ் மட்டும். இனிப்பு குறைவு, சட்டியின் புகைமணம் அதிகம். பேர்பெற்ற கடைகளில் ஒவ்வொரு தட்டாகத்தான் வதக்குவார்கள் என்பதால் வரிசை ஆமைவேகத்தில் நகரும். ஹொக்கியன் மீ கேட்டால் சிங்கப்பூரில் வதக்கிய நூடுல்ஸும், பினாங்கில் இறால் ஓட்டைக் கொதிக்கவைத்த காரச் சூப்பும் வரும்.

வசதியில் சிங்கப்பூரை மிஞ்ச முடியாது. தெருவோர வியாபாரிகளை 1970களிலும் 80களிலும் உணவங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றிய அரசு, தண்ணீர், கழிவுநீர், உரிமம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. அந்த உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சாப்பிட்டபின் தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும், இல்லையேல் அபராதம் வரலாம். ஜார்ஜ் டவுனில் கோப்பிக்கடைகளும் சாலையோர வண்டிகளும்தான். சமைத்தது தீர்ந்தால் கடை அடைத்துவிடும், விடுமுறை நாளும் கடைக்குக் கடை மாறும். ஆனாலும் அங்காடிகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று 2016 முதல் விதி வைத்திருக்கும் ஊர் அது. சுவையில் அவர்களுக்கு அவ்வளவு பிடிவாதம்.

நாசி கண்டாரில் போட்டியே இல்லை. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடியில் சுமந்து விற்றதில் தொடங்கிய இந்த உணவுக்கு பினாங்குதான் தாய்வீடு. "பஞ்சிர்" என்று சொன்னால் பல குழம்புகளையும் சோறு மூழ்க ஊற்றித் தருவார்கள். அப்படித்தான் கேட்க வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும் என் பரிந்துரை தலைகீழாகும். பன்றிக்கொழுப்பும், பெலாச்சான் என்னும் இறால் விழுதும் இரு ஊர்களிலும் கீரை வதக்கல்வரை நுழைந்திருக்கும். ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவிலும் சைவக் கடைகள் உண்டு என்றாலும், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையும் சுற்றுவட்டாரமும் தரும் தேர்வுகள் அதிகம். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துச் செல்வோர் முதலில் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து சுமார் ஒன்றரை மணி நேர விமானத்தில் பினாங்குக்குப் போகலாம்.