அம்பாசடர் ரேடியேட்டருக்குப் புதுக் கோர்: டெல்டா தண்ணீரில் நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

1489 சிசி பிஎம்சி பெட்ரோல் எஞ்சின் போட்ட பழைய அம்பாசடர் சித்திரையில் கொதித்தால், தஞ்சை, திருவாரூர் பக்கம் எல்லோரும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் ட்யூபும், அதன் சூட்டை இறக்கும் மெல்லிய ஃபின் தகடும் சேர்ந்த நடுப்பகுதிதான் கோர். புதுக் கோர் போட்டு, பல கோடையும் பல அடைமழையும் ஓட்டிய பிறகு உறுதியாகச் சொல்லலாம்: கோரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதில் ஊற்றுகிற தண்ணீர்.

வேதாரண்யம், நாகை, வேளாங்கண்ணி என்று கடலோரம் போனால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அந்தக் குளோரைடு பித்தளை ட்யூபையும் ஈயப் பற்றையும் அரிக்கும். உள்ளே தள்ளி வந்தால் உப்பு குறையும், ஆனால் கடினத் தண்ணீர் பல ஊரில் உண்டு. சூடானதும் அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாகி ட்யூப் சுவரில் படியும். வாய்க்கால் தண்ணீர் இன்னும் மோசம். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும்போது கலங்கலில் இருக்கும் வண்டல், வயலுக்கு உரம். எஞ்சினுக்குள் போனால் பிளாக்கின் பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றி அடியில் உட்கார்ந்துவிடும்.

கோரில் கை வைப்பதற்கு முன் அடைப்பு எங்கே என்று பாருங்கள். எஞ்சின் சூடாக ஓடும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை கோரின் முகம் முழுக்க நகர்த்தினால், அடைத்த ட்யூப் இருக்கும் இடம் திட்டாகக் குளிர்ந்து காட்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் கோளாறு ஹெட் கேஸ்கெட்டில். அதைச் சரிசெய்யாமல் புதுக் கோர் போடுவது வீண் செலவு.

மேல் டேங்கைப் பிரித்து, தட்டை ராடு விட்டு அடைப்பு எடுத்துத் தருகிறோம் என்பார்கள். வண்டி அதிகம் ஓடாது என்றால் செய்யலாம். ஆனால் உள்ளே சுண்ணாம்பு தடித்த பழைய ட்யூபின் சுவர் பெரும்பாலும் அரித்தும் இருக்கும். பல நேரம் ஒழுகலை மூடி வைத்திருப்பதே அந்தச் சுண்ணாம்புதான். ராடு போட்ட ரேடியேட்டர் சில மாதத்தில் ஊசித் துளையாக ஒழுக ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான். டேங்க் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றுங்கள்.

கோர் கட்டச் சொல்லும்போது செம்பு ஃபின், பித்தளை ட்யூப் என்று தெளிவாகக் கேளுங்கள். ஒழுகினால் எந்த ஊரிலும் சால்டர் வைத்துச் சரிசெய்யலாம். அலுமினியம் எடை குறைவு, சூட்டையும் நன்றாகவே இறக்கும், ஆனால் உப்புத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் துளை விழும், பழுது பார்ப்பதும் சிரமம். இந்த மண்ணுக்கு என் ஓட்டு பித்தளைக்குத்தான். ட்யூப் மூன்று வரிசையா நான்கு வரிசையா என்பதில் பலரும் நான்குக்குப் போகிறார்கள். தேவையில்லை. கோர் தடித்தால் ஃபேன் நெருங்கிவிடும். பள்ளத்தில் விழுந்து எஞ்சின் மவுண்டில் ஆடும்போது பிளேடு கோரை உரசும். ஃபேனுக்கும் கோருக்கும் நடுவே 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஃபின் நெருக்கமும் அப்படித்தான். தை, மாசி அறுவடையில் நெல்லும் வைக்கோலும் ரோட்டிலேயே காயும், பதரும் தூசியும் நெருக்கமான ஃபினில் அப்பிக்கொண்டு காற்றை மறித்துவிடும். ஒரு அங்குலத்துக்கு 10 முதல் 12 ஃபின் இருக்கிற மூன்று வரிசைக் கோரே இங்கே நன்றாக உழைக்கிறது.

டெலிவரி எடுக்கும்போது ஹோஸ் மாட்டும் வாய்களை அடைத்து, 10 பவுண்டு (psi) அழுத்தத்தில் காற்று கொடுத்து, தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ட்யூப் முனைகள் செருகியிருக்கும் தகடும் ட்யூபும் சேரும் நான்கு மூலைகளிலும் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பெயிண்ட். அதுவும் மெல்லிய மேட் கறுப்பு ஒரு கோட் போதும், தடிப்பாக அடித்தால் சூடு சரியாக வெளியேறாது.

பழைய ரேடியேட்டர் வண்டியில் இருக்கும்போதே எஞ்சினைக் கழுவிவிட வேண்டும். இதைத் தவறவிட்டால் பிளாக்கில் இருக்கும் குப்பை முழுவதும் புதுக் கோருக்குள் போகும். லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் சூடாக ஓடவிட்டு வடியுங்கள். அலுமினிய ரேடியேட்டராக இருந்தால் இந்த ஆசிட் வேண்டாம். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வடிகால் டேப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டும் வராது. டேப்பையே கழற்றி, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்துங்கள். முதலில் ஈர மண் கட்டியாக விழும், பிறகு கேழ்வரகுக் கூழ் போல் பழுப்பாக இறங்கும், அதற்குப் பின்தான் தண்ணீர் பீறிட்டு வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் பைப்பால் எதிர்த் திசையில் அடியுங்கள்.

கழற்றும்போது ஃபேனுக்கும் கோருக்கும் நடுவே ஒரு தடித்த அட்டையைச் செருகிவிடுங்கள், மேலே தூக்கும்போது ஃபின் மடங்காது. மாட்டும்போது மவுண்டிங் ரப்பர்கள் புதிதாக இருக்கட்டும். கெட்டிப்பட்ட ரப்பரோடு இறுக்கினால் எஞ்சின் அதிர்வு நேராகத் தகட்டு மூலையில் இறங்கி, அங்கே விரிசல் விடும். கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகமாக ஓடும்போது வாட்டர் பம்ப் இழுக்கும் இழுப்பில் ஹோஸ் சப்பிக்கொள்ளும், நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு தெர்மோஸ்டாட். நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று அதைத் தூக்கி எறிவது இங்கே பரவலான பழக்கம். அது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் எஞ்சின் சரியாகச் சூடேறாது, எண்ணெய் சேறாகக் கெட்டுப்போகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். போடுவதற்கு முன் வெந்நீரில் தொங்கவிட்டுத் திறக்கிறதா பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்டட்டும் துருவோடு இறுகியிருக்கும், முதல் நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், அவசரப்பட்டால் ஸ்டட் முறியும்.

ரேடியேட்டர் மூடி 7 பவுண்டு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. புதுக் காரின் 13 பவுண்டு மூடி பொருந்துகிறதே என்று மாட்டினால், பழைய டேங்கின் ஈயப் பற்று விட்டுவிடும்.

ஊற்றுவது ஒரு பங்கு எத்திலீன் கிளைகால் கூலண்ட், இரண்டு பங்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நமக்கு உறைபனி கிடையாது, கூலண்ட் வேண்டியது துருத் தடுப்புக்கும் கொதிநிலைக்கும்தான். டப்பாவில் ஐஎஸ் 5759 என்று இருக்கிறதா, செம்பு, பித்தளை, சால்டருக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் போடுகிறது. வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஹீட்டர் இருக்கும் வண்டி என்றால் ஹெட்டின் பின்னால் இருக்கும் டேப்பைத் திறந்துவிட்டு ஊற்ற வேண்டும். டெல்டாவில் பெரும்பாலும் யாரும் ஹீட்டரை ஓடவிடுவதில்லை, அதனால் ஹீட்டர் கோரில் பழைய தண்ணீர் வருஷக்கணக்கில் தேங்கி அழுகும். ஒழுகினால் காலடியில் மேட் நனைந்து இனிப்பு வாடை வரும். அப்படியானால் இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து பைபாஸ் செய்துவிடலாம். நன்றாக இருக்கும் ஹீட்டரை விட்டுவிடாதீர்கள். கார்த்திகை மழையில் கண்ணாடி ஆவி படிவதைத் துடைப்பதற்கும், வழியில் சூடு ஏறினால் கொஞ்சம் இறக்குவதற்கும் அது உதவும்.

முதல் சில வாரம் மேல் ஹோஸின் ரேடியேட்டர் முனையில் மெல்லிய நைலான் சாக்ஸ் துண்டைச் செருகிவைத்தால், மிச்சம் மீதி துருத் துகள் அதில் தங்கும். எடுத்துக் கழுவி மறுபடி போடலாம், சுத்தமாக வரத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

இப்படி ஓடிய கோர் பல வருஷம் கழித்தும் மேல் டேங்குக்கும் கீழ் டேங்குக்கும் 6 முதல் 10 டிகிரி வித்தியாசம் காட்டுகிறது. ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது வெப்பமானி முள் ஏறுவது, ஃபேனைச் சுற்றி மூடும் ஃபேன் கவுல் போட்டதும் குறைந்தது. கூலண்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். துருத் தடுப்பு தீர்ந்தபின் விட்டுவைத்தால் ட்யூபும் தகடும் சேருமிடத்தில் சால்டர் வெள்ளையாகப் பூத்து, அதுவே மறுபடி அடைக்கும். அளவு குறைந்தால் பெட்ரோல் பங்க் தண்ணீரோ, டீக்கடைப் பானைத் தண்ணீரோ வேண்டாம், டிக்கியில் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மாசி முடிந்ததும் கோரில் அப்பிய பதரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னை நேராகக் காட்டினால் ஃபின் எல்லாம் படுத்துவிடும்.