சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சில் போவதா, பிராங்க்பர்ட்டில் இறங்கி ஏறுவதா?

சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் நேர்தூரம் ஏறக்குறைய 15,350 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம் வரும். அட்டவணையிலோ 18, 19 மணி நேரம் என்று போட்டிருக்கும். கணக்கில் தப்பில்லை. அது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம்; விமானம் நூல் பிடித்துப் பறப்பதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றை முதுகில் வாங்கிக்கொள்ள, போகும்போது பசிபிக் கடலைத் தாண்டும். திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழி. அதாவது, போவதும் கிழக்கே, வருவதும் கிழக்கே!

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் இரண்டு வழி வைத்திருக்கிறது. எங்கும் நிற்காதது ஒன்று, ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நின்று போவது இன்னொன்று.

நிற்காமல் போவது ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த ரகம். இதன் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளையும் முதல் நிமிடத்திலிருந்தே சுமக்க வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கவே தனியாக எரிபொருள் எரியும். அதனால் ஆளைக் குறைத்துவிட்டார்கள். மொத்தம் 161 இருக்கைதான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. 2004 முதல் 2013 வரை நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்குக்கு நான்கு எஞ்சின் ஏ340-500 இப்படித்தான் பறந்தது. எரிபொருள் செலவு தாங்காமல் நிறுத்தினார்கள். இரண்டே எஞ்சின் உள்ள இந்த விமானம் வந்த பிறகு, 2018இல் மறுபடி தொடங்கினார்கள்.

சரி, பிராங்க்பர்ட் வழி? சிங்கப்பூரிலிருந்து அங்கே சுமார் 10,270 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,190. நேர்தூரத்தைவிட 1,100 கி.மீ.தான் கூடுதல், பறக்கும் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பயணம் 22 முதல் 24 மணி நேரம் ஆகிறது. நிற்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி. மீதி பெரும்பாலும் காற்றின் வேலை: இந்த வழியில் போகும்போது இரண்டு கட்டமும் மேற்கு நோக்கி, எதிர்காற்றில். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் இரண்டு வழிக்கும் உள்ள இடைவெளி குறைகிறது.

அதனால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதல் பணம் கொடுக்க முடியும் என்றால், போகும்போது நேர் விமானம், வரும்போது பிராங்க்பர்ட் என்றுதான் நான் சொல்வேன். எகானமி டிக்கெட்தான் கட்டுப்படியாகும் என்பவருக்கு இந்த யோசனையே தேவையில்லை, பிராங்க்பர்ட்தான் வழி. அது அப்படியொன்றும் தண்டனை இல்லை. பெட்டி தானாகக் கடைசிவரை போய்விடும். கைப்பையோடு இறங்கி, கால் வீக்கம் வடிய நாலு எட்டு நடக்கலாம். நல்ல தூக்கத்தில் இருப்பவரையும் எழுப்பி இறக்கிவிடுவார்கள் என்பதுதான் கடுப்பு.

நேர் விமானத்தில் திரும்புகிறவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். கோடைக்காலத்தில் நியூயார்க்கைவிட சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் இருக்கிறது. திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால் இறங்குவது புதன் விடியற்காலை ஐந்து மணிவாக்கில். செவ்வாய்க்கிழமைக்கு யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.