முட்டி வலிக்கு இரண்டு டியூப்: டைக்ளோஃபெனாக் ஜெல்லும் காப்சைசின் களிம்பும்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு மெடிக்கலில் போய் "முட்டி வலிக்கு ஜெல் கொடுங்க" என்று கேட்டால், கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே கலவைதான்: டைக்ளோஃபெனாக் டைஎத்திலமின் 1.16%, மெத்தில் சாலிசிலேட் 10%, மென்தால் 5%, ஆளிவிதை எண்ணெய் 3%. கம்பெனி மாறும், டியூபின் பின்பக்கம் அவ்வளவாக மாறாது. காப்சைசின் களிம்பைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் வலிக்குத்தான் என்றாலும் வேலை செய்யும் இடம் வேறு வேறு. அது தெரியாமல் பூசுவதால்தான் இரண்டுக்கும் கெட்ட பெயர்.

தேய்மானம் வந்த மூட்டின் உள்சவ்வில் நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து குவிகின்றன. அவை டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, நரம்பு வளர்ச்சிக் காரணி ஆகிய அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. காக்ஸ்-2 நொதி வழியாகப் புரோஸ்டாகிளாண்டின் என்ற வலியைக் கூட்டும் பொருளும் ஊறுகிறது. இவை எல்லாம் சேர்ந்து வலி நரம்பின் நுனியை முறுக்கேற்றிவிடும். அந்த நுனியில் டிஆர்பிவி1 என்று ஒரு வாயில் (சூட்டுக்குத் திறக்கும் புரதக் கதவு) இருக்கிறது. 1997-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு அதைக் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் கிடைத்ததும் இந்த ஆராய்ச்சிக்குத்தான். சாதாரணமாக 43 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் அது திறக்கும். அழற்சி இருக்கும் இடத்தில் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே திறந்துகொள்ளும். அசைவை உணரும் நரம்புகளும் அதேபோல் கூர்மையாகிவிடுவதால், தாதர் பாலத்துப் படியில் இறங்குவதே வேதனையாகிறது.

நரம்பும் சேதியை மூளைக்கு அனுப்பிவிட்டு ஓய்வதில்லை. சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற இரண்டு பொருள்களை மூட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. ரத்தக் குழாய் விரிந்து நீர் கசிகிறது, இன்னும் எதிர்ப்பு அணுக்கள் வருகின்றன, வீக்கம் ஏறுகிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்குப் பிறகு முடக்குவாதம் (ருமட்டாய்டு, எதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய்) வந்தால், அந்தப் பக்கத்து மூட்டுகள் பல சமயம் தப்பிவிடுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீக்கத்தில் நரம்புக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஜெல்லில் உள்ள டைக்ளோஃபெனாக் பிடிப்பது எதிர்ப்பு அணுக்களின் முனையை: புரோஸ்டாகிளாண்டின் ஊறுவதைக் குறைக்கிறது. நல்ல மருந்து. மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேருவது சுமார் 6% தான். அதனால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் பாரம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் அளவில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 1% டைக்ளோஃபெனாக் சோடியம் ஜெல்லுக்கு (நம் 1.16% அதற்குச் சமம்) அமெரிக்க லேபிளில் உள்ள அளவு: முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், கை மூட்டுக்கு 2 கிராம், நாளுக்கு நான்கு வேளை. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். முழங்காலுக்கு அப்படி எட்டுக் கோடு வேண்டும்! 30 கிராம் டியூப் ஒரே முட்டிக்கு இரண்டு நாள்கூட வராது. பட்டாணி அளவு தடவி ஒரு மாதம் ஓட்டுபவருக்கு மென்தாலின் குளிர்ச்சி மட்டும்தான் மிச்சம். அந்தக் குளிர்ச்சி நரம்பின் கவனத்தைக் கொஞ்ச நேரம் திருப்பும், அழற்சியைத் தொடாது. மருந்து வேலை செய்கிறது என்ற நினைப்பை மட்டும் கொடுத்துவிடும். மென்தால் இல்லாத டைக்ளோஃபெனாக் ஜெல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மும்பையில் இன்னொரு சிக்கல் காலை அவசரம். குளித்ததும் ஈரக் காலில் பூசி, உடனே பேன்ட் போட்டு லோக்கல் ரயிலைப் பிடித்தால் பாதி மருந்து துணிக்குப் போகும். காலைத் துடைத்துப் பூசி, 10 நிமிடம் காயவிட்டு உடுத்த வேண்டும். பூசிய பிறகு ஒரு மணி நேரம் கழுவக் கூடாது. மேலே ஹீட்டிங் பேட் வைக்கவே கூடாது. ஆஸ்பிரினால் மூச்சிழுப்பு (ஆஸ்துமா) வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மெத்தில் சாலிசிலேட் சேர்ந்த ஜெல் ஆகாது, ரத்தப்போக்கு அபாயம் கூடும்.

காப்சைசின், மிளகாயின் காரம், நரம்பு முனையைப் பிடிக்கிறது. டிஆர்பிவி1 வாயிலைத் திரும்பத் திரும்பத் திறந்து, கடைசியில் அந்த நரம்பு நுனியை மரக்கச் செய்கிறது. மூட்டு வலிக்கு 0.025% களிம்பு; நரம்பு வலிக்கானது 0.075%. டியூபைப் பார்த்து வாங்குங்கள். பட்டாணி அளவு போதும், நாளுக்கு மூன்று நான்கு வேளை. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் எரியும், அதுதான் மருந்து வேலை செய்யும் விதம். பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வேளை தவறினால் நரம்பு மீண்டு, எரிச்சல் முதலிலிருந்து தொடங்கும். வெந்நீர்க் குளியலும் மே மாத வியர்வையும் எரிச்சலைக் கூட்டும். தொடங்க டிசம்பர், ஜனவரி நல்ல காலம். கை மூட்டுக்கு எங்கள் பரிந்துரை கிடையாது: கை கண்ணுக்குப் போகும். அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலும் முழங்காலுக்கு நிபந்தனையோடு ஆதரித்து, கைக்கு வேண்டாம் என்றே சொல்கிறது.

முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் ஜெல், முழு அளவில். இரண்டு வாரத்தில் போதாவிட்டால் காப்சைசின். இடுப்பு மூட்டுக்கு இரண்டும் வீண் செலவு, அது ஆழத்தில் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் விறைப்பு, இரு கைகளிலும் விரல் மூட்டு வீக்கம் என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். எந்த டியூபையும் நம்பி நாள் கடத்தாமல் வாதநோய் நிபுணரிடம் போங்கள். அங்கே எதிர்ப்பு மண்டலத்தையே அடக்க வேண்டும். டிஎன்எஃப் தடுப்பு மருந்து கொடுத்த 24 மணி நேரத்துக்குள், மூட்டு வீக்கம் வடியுமுன்பே, மூளையின் வலிச் செயல்பாடு அடங்கியதை 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது.

காப்சைசின் பூசிய விரலை வெறும் தண்ணீரில் கழுவினால் காரம் போகாது. முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு.