சர்ஃபேஸ் இல்லாம எல்-செக்‌ஷன்: சிவில் 3டி யூஸ் பண்ணி பாத்தது

பாதாள சாக்கடை லைன் ஒண்ணுக்கு, நீளவாக்குல தரைமட்டத்தையும் பைப் மட்டத்தையும் காட்டற எல்-செக்‌ஷன் கேட்டாங்க, கையில இருந்தது லெவல் புக் மட்டும் தான். ஆட்டோ லெவல் வச்சு 20 மீட்டருக்கு ஒரு ரீடிங், 1200 மீட்டருக்கு 61 ஆர்எல் (அந்தந்த இடத்தோட தரை உயரம்). கான்டூர், டோட்டல் ஸ்டேஷன் டேட்டா எதுவும் கிடையாது.

முன்னாடி இப்படி வந்தா சென்டர்லைன் பாயின்ட்ட வச்சே ஒப்புக்கு ஒரு சர்ஃபேஸ், அதாவது பாயின்ட்டுகளை முக்கோணமா இணைச்சு வர்ற தரை மாடல், கட்டுவேன். வேலைக்கே ஆகாது. நேர் ரோட்டுல எல்லா பாயின்ட்டும் ஒரே கோட்டுல இருந்தா முக்கோணமே விழாது, வளைவு வந்தா உள்பக்கமா யார் வீட்டு மேலயோ போய் உக்காரும்.

ஆட்டோடெஸ்கோட டிசைன் சாஃப்ட்வேர் சிவில் 3டில, ஹோம் டேப்ல ப்ரொஃபைல் (நீளவாக்கு உயரக் கோடு) பட்டனுக்கு கீழயே 'கிரியேட் ப்ரொஃபைல் ஃப்ரம் ஃபைல்'னு ஒண்ணு இருக்கு, இத்தனை வருஷம் கண்ணுல படல. நோட்பேட்ல வரிக்கு ஒரு செயினேஜ் (ஆரம்பத்துல இருந்து தூரம்), ஸ்பேஸ் விட்டு ஆர்எல், அதாவது 0 42.350, அடுத்த வரி 20 42.185, இப்படியே கடைசி வரைக்கும். மூணாவதா ஒரு நம்பர் இருந்தா அத வெர்ட்டிகல் கர்வ் (சரிவு மாறற இடத்துல வர்ற வளைவு) நீளம்னு எடுத்துக்கும், அதனால எக்ஸல்ல பக்கத்துல இருக்கற பைப் ஆழத்தையும் சேத்து காப்பி பண்ணிடாதீங்க.

முதல் தடவை ப்ரொஃபைல் வியூ போட்டதும் 340ல பாழுங்கிணறு மாதிரி ஒரு பள்ளம். 42க்கு 24ன்னு நான் தான் அடிச்சிருக்கேன், வெர்ட்டிகல் ஸ்கேலை 10 மடங்கு பெரிசா வச்சதால 18 மீட்டர் தப்பு 180 மீட்டருக்கு தொங்குது. என்ட்ரி டேபிள்ல அந்த ஒரு பிவிஐய (சரிவு மாறற புள்ளி) மாத்தினேன், சரியாயிடுச்சு.

இன்னொண்ணு, டேப் புடிச்சு அளந்த 1200ம் நாம வரைஞ்ச அலைன்மென்ட் (சென்டர்லைன்) நீளமும் ஒண்ணா இருக்காது. எனக்கு 1198.6 தான் வந்துச்சு, ரெண்டையும் ஒத்துப்போக வச்சுட்டு தான் ஃபைலையே ஏத்தினேன். படத்துக்கு கீழ நம்பர் வர்ற பேண்ட்ல ப்ரொஃபைல் 2 இடத்துல டிசைன் லைனை நாமளே செலக்ட் பண்ணணும், விட்டா தரைமட்டமும் இன்வெர்ட் லெவலும் (பைப்போட உள்அடி மட்டம்) ஒரே நம்பரா பிரிண்ட் ஆகி நிக்கும்.

குறைன்னு சொன்னா, இப்படி ஏத்தற ப்ரொஃபைல் சாஃப்ட்வேர் கணக்குல டிசைன் ப்ரொஃபைல் தான், ஸ்டைலை மாத்தி தரை மாதிரி காட்டிக்கலாம், ஆனா ஃபைல்ல நம்பர் மாத்தினா அது தானா மாறாது. மேன்ஹோல் மேல்மட்டமும் சர்ஃபேஸ பாத்து தானா உக்காராது, ஒவ்வொண்ணா கையால போட்டேன், நாப்பது மேன்ஹோல், இடுப்பு போச்சு. கிராஸ் செக்‌ஷன், மண்ணு குவான்டிட்டி எல்லாம் இதுல எதிர்பாக்காதீங்க.

எக்ஸல்ல ஆர்எல்ல 10ஆல பெருக்கி பாலிலைன் ஸ்கிரிப்ட் ஓட்டற பழைய ஆளுங்க எங்க ஆபீஸ்ல இன்னும் இருக்காங்க. ஒரே ஒரு ஷீட்டுனா அவங்க வழி தான் வேகம், கிரேடை (பைப் சரிவை) நாலு தடவை மாத்த சொல்ற கிளையன்ட்டுனா நான் இதுக்கு தான் வருவேன். அஞ்சுக்கு மூணரை.