மினியேச்சர் கன்வர்ஷன்: மிஞ்சிய பிளாஸ்டிக்கா, ரெசின் பாகமா?

மேசைப் போர் விளையாட்டுக்கான மினியேச்சர் வீரர்களின் ஒரு படைப்பிரிவில் எல்லாரும் ஒரே தலை, ஒரே கை, ஒரே நிற்பு என்று இருந்தால் இரண்டாவது பெட்டியைப் பிரிக்கும்போதே சலிப்புத் தட்டிவிடும். பாகங்களை மாற்றி உருவத்தை வேறாக்குவதுதான் கன்வர்ஷன். அதற்கான மாற்றுப் பாகங்களுக்கு வழி மூன்று. வேறு பிளாஸ்டிக் கிட்களின் ஸ்ப்ரூவில், அதாவது பாகங்கள் கோத்து வரும் சட்டத்தில், மிஞ்சிக் கிடப்பதை வெட்டி ஒட்டலாம். போலந்தின் கிரோம்லெக், பப்பட்ஸ்வார் போன்றவர்கள் வார்த்து விற்கும் ரெசின் பாகங்களை வாங்கலாம். இல்லையென்றால் ரெசினில் அச்சிடும் முப்பரிமாண பிரிண்டரில் நாமே அச்சிடலாம். அண்மையில் ஒரு காலாட்பிரிவை முழுசாக மாற்றியமைக்க உட்கார்ந்தபோது மூன்றையும் எடை போட்டுப் பார்த்து, பிளாஸ்டிக் பக்கம் சாய்ந்தேன்.

அழகில் ரெசின் முந்தும், அதில் பேச்சே இல்லை. எது வேண்டுமானாலும் கிடைக்கும் என்றால் பிரிண்டர்தான். ஆனாலும் பிளாஸ்டிக்கை எடுத்ததற்குக் காரணம் ஒட்டு.

பிளாஸ்டிக் சிமென்ட் என்று நாம் சொல்வது உண்மையில் கரைப்பான். கிட்கள் செய்யப்படும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை அது இளக்கிவிடும். அழுத்திப் பிடித்தால் இரு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். கரைப்பான் ஆவியானபின் ஒரே துண்டு. தாமியாவின் எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த வகையைத் தூரிகையால் இடுக்கில் தொட்டாலே போதும், தானாக உள்ளே ஓடிவிடும். கொஞ்சம் அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். மறுநாள் கத்தி முனையால் அதைச் சீவிவிட்டால் ஒட்டிய இடம் எதுவென்று தேட வேண்டியிருக்கும். உடனே இறுகிவிடாது என்பதும் ஒரு வசதி. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமா, தலையைத் திருப்பலாமா என்று பார்த்துப் பார்த்து வைக்க நேரம் கிடைக்கும்.

ரெசினை இந்தக் கரைப்பான் அப்படி இளக்காது. வார்த்த பாலியூரித்தேனானாலும் பிரிண்டரில் வந்ததானாலும் சூப்பர் க்ளூதான். அது நடுவில் ஒரு மெல்லிய, நொறுங்கும் படலமாக நிற்கும். நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் பட்டென்று விட்டுவிடும். விளையாடும் மினியேச்சருக்குத் தட்டு விழுவதெல்லாம் பக்கவாட்டில்தானே! அதுவும் மணிக்கட்டு, கழுத்து, ஈட்டித்தண்டு என்று ஒட்டுப்பரப்பே இல்லாத இடங்களில்.

இதற்கு மருந்து பின்னிங். இரு பக்கமும் துளையிட்டு, நடுவில் பித்தளைக் கம்பி செருகி ஒட்டுவது. 28 மிமீ உருவத்தின் மணிக்கட்டு எவ்வளவு தடிமன் இருக்கும்? அதன் நட்டநடுவில் பின் வைஸ் என்ற கைத்துளைக் கருவியால் துளை போட வேண்டும், எதிர்ப்பக்கத் துளையும் அதே கோணத்தில் அமைய வேண்டும். ஒரு தலைவனுக்கு என்றால் ரசித்துச் செய்யலாம். பிரிவு முழுக்க, ஆளுக்கு இரண்டு கை என்றால் கம்பி வேலையே தனித் தொழிலாகிவிடும். வார்ப்பு ரெசின் என்றால் அதற்கும் முன்னால் சோப்புத் தண்ணீரில் கழுவி அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெயை எடுக்க வேண்டும், வளைந்த பாகங்களை வெந்நீரில் போட்டு நிமிர்த்த வேண்டும், தூள் மூச்சில் போகாமல் ஈரம் வைத்தே தேய்க்க வேண்டும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ஒட்டைத் திரும்பப் பிரிக்க முடியாது. சூப்பர் க்ளூவால் ஒட்டியதை ஃப்ரீசரில் போட்டு எடுத்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். படையைப் பின்னால் விற்கும் எண்ணமோ ஆயுதத்தை மாற்றும் எண்ணமோ இருந்தால் இது சின்ன விஷயமில்லை. ஆயுதத்துக்கு மட்டும் என்றால் தோளில் சிறு நியோடிமியம் காந்தம் பதிப்பது இன்னும் மேல்.

பிளாஸ்டிக் தோற்கும் இடம் அளவு. பெர்ரி, விக்ட்ரிக்ஸ் போன்ற வரலாற்றுக் கிட்களின் கைகள் மெலிந்தவை. கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் வார்ஹேமர் விளையாட்டு உருவங்களின் உடலில் வைத்தால் குழந்தைக் கை மாதிரி தெரியும். வார்ஹேமருக்குள்ளேயே சிக்கல் உண்டு. ஸ்பேஸ் மரீன் என்ற கவச வீரர்களின் பெரிய வடிவமாக 2017இல் வந்த பிரைமாரிஸ் உடலில் பழைய ஸ்பேஸ் மரீனின் கை குட்டையாகத் தெரியும், ஹெல்மெட் ஓரளவு ஒத்துப்போகும். பிரிண்டர் இருந்தால் அளவைக் கூட்டிக் குறைத்து அச்சிட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கில் தப்பிக்க ஒரே வழி, வெட்டுவதைக் கவசத்தின் விளிம்பிலோ சட்டைக் கைமடிப்பிலோ வைப்பது. அளவு வித்தியாசமும் ஒட்டிய கோடும் அங்கே மறையும்; மிச்ச இடைவெளிக்குக் கிரீன் ஸ்டஃப் என்ற எபாக்ஸி புட்டி.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு: கேம்ஸ் வொர்க்ஷாப்பின் சொந்தப் போட்டிகளில் அவர்களுடைய பாகங்களே எதிர்பார்க்கப்படும். அவர்கள் கிட்டிலிருந்தே வெட்டி ஒட்டிய கன்வர்ஷனுக்குச் சிக்கல் குறைவு. பாக வியாபாரிகளோடு அவர்களுக்குப் பழைய கணக்கும் உண்டு. வார்ஹேமருக்கு மாற்றுப் பாகம் விற்ற சாப்டர்ஹவுஸ் ஸ்டுடியோஸ் மேல் 2010இல் போட்ட வழக்கு 2013இல் ஜூரி தீர்ப்பு வரை போனது. இரு தரப்பும் சிலவற்றில் வென்று சிலவற்றில் தோற்றன.

பிரிண்டர் பற்றி நான் அடித்துப் பேச முடியாது, சொந்தமாக வைத்திருக்கவில்லை. நண்பர் அச்சிட்டுத் தந்த வாள்களை வைத்துச் சொல்வதானால், சாதாரண ரெசினில் வந்தவை கண்ணாடி போல ஒடிகின்றன, வளையும் ரெசின் கொஞ்சம் கலந்து அச்சிட்டவை தாக்குப்பிடிக்கின்றன. கழுவ ஆல்கஹால், புறஊதா விளக்கு, இறுகாத ரெசின் தோலில் படாமலிருக்கக் கையுறை என்று கூடவே ஒரு பட்டறையும் வேண்டும் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரெசினை அடியோடு ஒதுக்கவும் இல்லை. தோள்கவசம், முதுகுப்பை மாதிரிப் பரந்து ஒட்டுகிறவற்றுக்கு நெம்புகோல் வேலை கிடையாது. சூப்பர் க்ளூ தாராளமாகப் போதும். பிரிவுத் தலைவனுக்கு ரெசின் தலை வைத்து, கழுத்தில் கம்பியும் செருகினேன். அடுத்து ஒரு கவச வண்டியை மாற்றும் எண்ணம் இருக்கிறது. கதவு, கவசத்தகடு எல்லாம் தட்டையான பாகங்கள், ஒட்டுப்பரப்புக்குப் பஞ்சமில்லை. அவற்றை நண்பரின் பிரிண்டரில்தான் எடுக்கப் போகிறேன்.